இருவருக்குமாக ஒரு ஹாஜிரி

ஜனவரி 11, காலை 6.30. பிரம்மபுத்திரா ஆறு, மேல் அசாம். கப்பலில் இருந்த இருபத்திரண்டு பயணிகளில் பதினேழு பேர் மூன்று படகுகளில் மணல்திட்டுக்குச் சென்றனர்.

7.20. முதல் படகு கப்பலுக்குத் திரும்பியது. நான் அதில் இருந்தேன்.

7.50. கடைசிப் படகு திரும்பியது. ஏறுவாயில் பலகையில் எல்லா அட்டைகளும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டின.

8.05. கப்பல் புறப்பட்டது.

8.52. அறை எண் ஏழின் பயணி, என் மனைவி, வயது அறுபத்தெட்டு, கப்பலில் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது.

10.40. மணல்திட்டில் கண்டுபிடிக்கப்பட்டார். இடுப்புவரை நனைந்திருந்தார். நினைவு இருந்தது.

ஜனவரி 13. தில்லி திரும்பினோம்.

ஜனவரி 16. காய்ச்சல், மூச்சுத் திணறல். கிழக்குத் தில்லியில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

ஜனவரி 27, காலை 11.15. இறந்தார். சான்றிதழில் நிமோனியா.

பிப்ரவரி 19. கப்பல் நிறுவனம் கேட்டிருந்த விளக்கக் கடிதத்தில், “என் மனைவியின் அட்டையைத் திருப்பியது யார் என எனக்குத் தெரியாது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்ச் 6. அன்று கரையில் பொறுப்பில் இருந்த வழிகாட்டி பணியிலிருந்து நீக்கப்பட்டதாக நிறுவனம் தெரிவித்தது.

மேலே உள்ள ஒவ்வொரு வரியும் நடந்தது. பிப்ரவரி 19 கடிதத்தில் நான் எழுதிய வாக்கியம் மட்டும் உண்மையன்று. அட்டையைத் திருப்பியது நான்.

மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கோப்புகளில் குறிப்பு எழுதுவதே என் தொழில். என் மனைவி ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தாள். தில்லியில் கிட்வாய் நகர்க் குடியிருப்பில் இருபது ஆண்டுகள், பிறகு மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட். யமுனைக் கரையின் சேற்றுவெளி அந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகவே அவள் அதற்குச் சம்மதித்தாள். குளிர்காலம் முழுவதும், காற்று மஞ்சளாகி மகள் தொலைபேசியில் கத்தும் நாள்களிலும்கூட, முகமூடியை மாட்டிக்கொண்டு பைனாகுலருடன், அவள் சொல்லில் தூர்பீனுடன், கிளம்பிவிடுவாள். பறவைகளைப் பற்றி எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஆட்சேபமும் இருந்ததில்லை.

கப்பல் பயணம் அவளுடைய நெடுநாள் விருப்பம். கப்பல் என்று சொன்னாலும், அது இரண்டு தளங்களும் பன்னிரண்டு அறைகளும் கொண்ட ஒரு தட்டையான ஆற்றுக்கலம். நடனக்கூடம், சூதாட்ட மேசை எதுவும் கிடையாது. விலங்கும் பறவையும் பார்க்க வருபவர்களுக்கென்றே ஓட்டப்பட்டது. காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டித் தேநீர் தருவார்கள். விடிந்ததும் படகில் இறங்கி மணல்திட்டு. பகலில் கப்பல் நகரும். மாலையில் ஏதாவதொரு திட்டின் ஓரத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். இரவு உணவுக்கு முன் எல்லாரும் மேல்தளத்தில் கூடுவோம். வழிகாட்டி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பறவைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். கண்டவர்கள் கையுயர்த்துவார்கள். என் மனைவி பெரும்பாலும் கையை இறக்குவதேயில்லை.

வழிகாட்டி நாற்பது வயதைக் கடந்தவர். அந்த ஆற்றின் ஒரு திட்டிலேயே பிறந்தவர். அவர் பிறந்த திட்டு இப்போது இல்லை என்று முதல் நாளே சொன்னார். எதைப் பற்றியும் சொல்வதுபோல அதையும் சொன்னார். என் மனைவியை “பைதேவ்” என்று அழைத்தார். அசாமியில் அக்கா என்று பொருள். என்னை “ஸார்” என்றார்.

“பைதேவ், அது ஆற்று ஆள்காட்டிதானே?”

“ஆமா பையா. நீங்க எனக்குப் பரீட்சை வைக்கீங்களா? நான் பிள்ளைகளுக்கு வச்ச பரீட்சைக்கு இதெல்லாம் தண்டனை போல.” அவள் பாதி இந்தியும் பாதி எங்கள் திருநெல்வேலித் தமிழுமாகப் பேசுவாள். அவர் எப்படியோ புரிந்துகொண்டு சிரிப்பார்.

எனக்கு அந்த ஆறு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. கப்பலின் முனையில் ஒருவர் நீண்ட மூங்கில் கழியை நீரில் குத்திக் குத்தி எடுத்து ஆழத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் குரல் நின்றால் கப்பலும் நிற்கும். ஆழம் நேற்று இருந்த இடத்தில் இன்று இராது. உணவு மேசையில் அமர்ந்திருக்கும்போது, வெளியே எங்கோ கரை இடிந்து நீரில் விழும் ஓசை கேட்கும். பரணிலிருந்து அரிசி மூட்டை விழுவதுபோன்ற கனமான, ஒற்றை ஓசை. முதல் நாள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மூன்றாம் நாள் நான் ஒருவன்தான் பார்த்தேன். காலையில் முளைகளைப் பிடுங்கும்போது, மாலையில் நாங்கள் நடந்த இடத்தில் பாதி காணாமல் போயிருக்கும். என் காலடிகள் ஒரு விளிம்புவரை சென்று அங்கே முடிந்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அட்டைப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறும் வாயிலருகே சுவரில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பயணியின் எண் எழுதிய வட்ட அட்டை. எனக்கு ஏழு–அ. அவளுக்கு ஏழு–ஆ. கரைக்கு இறங்கும்போது சிவப்புப் பக்கத்தைத் திருப்பிவிட்டு இறங்க வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். பலகையில் ஒரு சிவப்பு மிச்சமிருந்தாலும் கப்பல் நகராது. “உங்கள் அட்டையை நீங்கள் மட்டுமே தொட வேண்டும்” என்று முதல் மாலையே மேலாளர் இரண்டு முறை சொன்னார். நானும் தலையசைத்தேன்.

அவள் முதல் இரண்டு நாளும் மறந்தாள். மேலே ஏறியதும் கண்ட பறவையைக் குறித்துக்கொள்ள அறைக்கு ஓடிவிடுவாள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் “ரூம் நம்பர் செவன், ரூம் நம்பர் செவன்” என்று கப்பல் முழுவதும் கேட்கும். வெளிநாட்டினர் புன்னகையுடன் எங்களைப் பார்ப்பார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அந்த வார்த்தையைக் குறைத்துச் சொல்ல இப்போது வழியில்லை.

ஹாஜிரி என்ற இந்திச் சொல்லுக்கு வருகைப்பதிவு என்பது பொருள். எங்கள் அலுவலகப் பிரிவில் கிட்வாய் நகரிலிருந்தும் சரோஜினி நகரிலிருந்தும் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் வருபவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பஸ் தாமதித்தால், இறங்கியதும் கால் வேகமுள்ள ஒருவர் முன்னே ஓடிப் படியேறி, பதிவேட்டில் அனைவருக்கும் சுருக்கொப்பம் இட்டுவிடுவார். மற்றவர்கள் பின்னால் நிதானமாக வருவோம். வந்துகொண்டிருப்பவருக்குத்தான் இடுகிறோம், வராதவருக்கு அல்ல. ஆகவே அதில் குற்றமில்லை என்று நாங்கள் கருதினோம். என் ஒப்பத்தை மூன்று பேர் என்னைவிட நன்றாக இடுவார்கள். விரல்ரேகை இயந்திரம் வந்த பிறகே அது முடிந்தது. சொல் மட்டும் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. வரவேற்பு, இழவு, சங்கக் கூட்டம், எதற்கும் ஒருவர் மட்டும் போக நேர்ந்தால், “எனக்கும் சேத்து ஹாஜிரி போட்டுட்டு வாங்க” என்பாள்.

பதினொன்றாம் தேதி காலை மூடுபனி ஆற்றின் மேல் ஒரு பட்டையாகக் கிடந்தது. மணல்திட்டின் மறுபுறம், மண்மேட்டுக்கு அப்பால், ஒரு தேங்கிய நீர்ப்பரப்பு. அதில் காவி நிற வாத்துகள் பெருங்கூட்டமாக இருந்தன. வடநாட்டில் சுர்க்காப் என்பார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தார்கள். அவள் மேட்டின் மறைவில் ஒரு மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயதுக்கேற்ற சிறுநீர்த் தொந்தரவு உண்டு. குளிரில் அது பொறுக்காது.

“ஏங்க, என்ன கால மாத்தி மாத்தி நிக்கீங்க? மொத போட்டுல போயிருங்க. நான் இந்தக் கூட்டம் எந்திரிக்கவரைக்கும் இருந்துட்டு வாரேன்.”

“பனி கூடுது. நீயும் வா.”

“கூடட்டும். நாப்பது வருசம் தில்லி ஜனவரியப் பாத்துட்டு இதப் போயி பனிங்கீங்க. ஜல்தி போங்க, மானம் போயிரப் போகுது.” நான் நாலடி நடந்ததும் மறுபடி கூப்பிட்டாள். கண்ணைத் தூர்பீனிலிருந்து எடுக்கவில்லை. “ஏங்க, எனக்கும் சேத்து ஹாஜிரி போட்ருங்க. இல்லைன்னா அந்த மைக்குக்காரன் மறுபடியும் ரூம் நம்பர் செவன்னு ஏலம் போடுவான்.”

ஏறுவாயிலில் நின்ற பணியாளர் கைத்தடியுடன் வந்த ஒரு வெளிநாட்டு மூதாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் ஏழு–அவைத் திருப்பினேன். ஏழு–ஆவையும் திருப்பினேன். இரண்டு நொடிகூட ஆகியிராது. பிறகு கழிப்பறைக்குச் சென்றேன். அறைக்கு வந்து, ஈரமான காலுறையைக் கழற்றி, போர்வைக்குள் படுத்தேன். இதமாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கப்பலைக் கட்டியிருந்த கரை இடியத் தொடங்கியது. முளைகளில் ஒன்று சரிந்தது. பனி முழுவதும் மூடுவதற்குள் இரண்டு வளைவு தள்ளி, உறுதியான ஓரிடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கப்பலோட்டி அவசரப்படுத்தினார். கரையில் இருந்த வழிகாட்டி கடைசிப் படகில் ஏறுவதற்கு முன் கையடக்க வயர்லெஸ்ஸில் கப்பலைக் கேட்டார். பலகையைப் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

எட்டரைக்குச் சிற்றுண்டி மணி அடித்தது. நான் எழுந்து மேசைக்குப் போய் அவளுக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்தேன். மேல்தளத்தில் இருப்பாள், வருவாள் என்று எண்ணினேன். எதிரே தில்லி சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு வங்காளத் தம்பதியர். அந்த மனிதர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இந்தியில் கேட்டார்: “அண்ணி எங்கே அண்ணா? காலையிலிருந்து காணோமே. வாத்துகளோடு ரஷ்யாவுக்குப் பறந்துவிட்டாரா?”

அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் உடனே சொல்லவில்லை. எழுந்து அறைக்குப் போனேன். குளியலறையைத் திறந்து பார்த்தேன். மேல்தளத்தை ஒருமுறை சுற்றினேன். கீழ்த்தளத்தை ஒருமுறை. மறுபடியும் மேல்தளம். அட்டைப் பலகையின் முன் நின்றேன். ஏழு–ஆ வெண்மையாக, மற்றவற்றைப் போலவே தொங்கிக்கொண்டிருந்தது. இதற்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. அதன் பின்னரே மேலாளரிடம் சென்றேன். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் பற்றி எந்த விசாரணையும் கேட்கவில்லை.

பனி இப்போது தளத்தின் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. கப்பலைத் திருப்ப முடியாது என்றார்கள். படகில் வழிகாட்டியும் இரண்டு பணியாளர்களும் இறங்கினார்கள். கப்பல் விட்டுவிட்டுச் சங்கு ஊதியது. படகை அவிழ்க்கும் முன் வழிகாட்டி என் அருகே வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஸார், நான் கேட்டேன். தூர்பீன்வாலி பைதேவ் ஏறிவிட்டாரா என்று பேரைச் சொல்லாமல் ஆளைச் சொல்லியே கேட்டேன். சஃபேத் ஹை, வெள்ளையாக இருக்கிறது என்றார்கள்.”

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான், “போய்ப் பாருங்கள்” என்றேன்.

அவர் குரல் பனிக்குள் நெடுநேரம் கேட்டது. பைதேவ், பைதேவ் என்று. நடுவே ஒருமுறை கரை விழும் ஓசை. அதன் பிறகு சிறிது நேரம் குரல் இல்லை. மேல்தளத்தில் இருபது பேர் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

போர்வையில் சுற்றி அவளை ஏற்றியபோது பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. அவள் கரை விளிம்புக்கு வந்து கையசைக்க முயன்றபோது மணல் காலடியில் பிளந்து நீருக்குள் இறங்கியிருக்கிறது. கைகளை ஊன்றி ஏறி, திட்டின் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறாள். அறையில் சுடுநீர்ப் பையை அவள் பாதத்தில் வைத்தபோது கண்ணைத் திறந்தாள்.

“ஹாஜிரிய ரொம்ப ஒழுங்காப் போட்டுட்டீங்க போல.”

நான் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

“கப்பலு போற சத்தம் கேட்டுது. நான் இல்லாம போகாதுன்னு நெனச்சேன். சரி விடுங்க. அந்த கைடு மனுசன்ட்ட சொல்லிருங்க, பாவம். என்னத் தூக்கும்போது அழுதிட்டாரு.”

“சொல்லுதேன்.”

மருத்துவமனையில் ஆறாம் நாள், பிராணவாயுக் கவசத்தைச் சற்று விலக்கி மறுபடி கேட்டாள். “சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்” என்றேன். அவள் தலையசைத்தாள். நோயாளியின் மனத்தை அமைதிப்படுத்தவே சொன்னேன் என்று அப்போது எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன்.

மருத்துவர் நிதானமானவர். இந்த வயதில், தில்லியின் ஜனவரிக் காற்றில், எதனால் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்றார். அந்த வாக்கியத்தின் நிழலில் சில வாரங்கள் நான் வசித்தேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தார். செய்தி அறிந்து வருத்தம் தெரிவித்தார். தன் வீட்டில் அவளுக்காக விளக்கேற்றியதாகச் சொன்னார். அவர் பக்கத்திலிருந்து கோழிகளின் சத்தம் கேட்டது.

“ஸார், ஒன்று கேட்கலாமா? நீங்கள் முதல் படகில் ஏறினீர்கள். பலகையருகே யாரையாவது பார்த்தீர்களா? யார் கையாவது தவறிப் பட்டிருக்குமா?”

“நினைவில்லை” என்றேன்.

“அச்சா ஸார். நினைவு வந்தால் சொல்லுங்கள். என்னிடம்தான் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.”

அதற்குப் பின் நிறுவனத்தின் கடிதம் எனக்கும் வந்தது. நிறுவனத்துக்குப் புகார் எழுதியவள் என் மகள். குருகிராமில் வேலை பார்க்கிறாள். தாயை இழந்த கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மனிதரின் மேல் வைத்தாள். தலையை எண்ணாதவர், மேட்டின் மறுபுறம் போய்ப் பார்க்காதவர். இரண்டும் உண்மை. அவர் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கேட்டார். கேட்டதற்கு அவருக்குக் கிடைத்தது என் கையின் பதில்.

நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். ஏதோ செய்து முடித்தவளைப்போல இருந்தாள். சென்ற ஞாயிறு ஒரு புதிய மனுவோடு வந்தாள். மாநிலச் சுற்றுலாத் துறைக்கு. அந்த வழிகாட்டியின் உரிமத்தை ரத்து செய்யக் கோருவது. அது ரத்தானால் எந்தக் கப்பலிலும், எந்தக் காட்டிலும் அவர் வேலை பார்க்க முடியாது. ஆற்றைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர்.

“அப்பா, இங்க சைன் பண்ணுங்க, போதும். மத்தது நான் பாத்துக்கறேன்.”

“வச்சுட்டுப் போ. படிச்சுப் பாக்கேன்.”

“என்ன படிக்கணும்? எல்லாம் நீங்க சொன்னதுதான. அந்த ஆளு நாளைக்கு இன்னொரு ஷிப்ல போய் இன்னொருத்தர் அம்மாவ விட்டுட்டு வருவான்.”

“அவரு அப்படி ஆளு இல்ல.”

“நீங்க எப்பவும் இப்படித்தான் அப்பா. எல்லாருக்கும் நல்லவர். அம்மாவுக்கு மட்டும் யாரு?” சொன்னவுடன் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையைப் பிடித்து, “சாரிப்பா” என்றாள். அவளுக்கு அதற்கு அவசியமில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். மெட்ரோவுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். வருகிற ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வாள்.

மனு சாப்பாட்டு மேசையின் மேல் இருக்கிறது. கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய பெருக்கல் குறி போட்டுவைத்திருக்கிறாள். மூன்று நாளாக நான் மேசையின் மறுமுனையில் சாப்பிடுகிறேன்.

செய்யாமல் இருப்பவை:

மனுவில் கையெழுத்திட முடியாது என்று மகளிடம் சொல்வது.

ஏன் என்று சொல்வது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும்.

நிறுவனத்துக்குத் திருத்தக் கடிதம். மூன்று வரைவுகள் இருக்கின்றன. மூன்றும் “அட்டை திருப்பப்பட்டது” என்றே தொடங்குகின்றன. நான்காவதை “நான்” என்று தொடங்க வேண்டும்.

வழிகாட்டிக்குத் தொலைபேசி. காலையில் ஆற்றில் இருப்பார், தொடர்பு கிடைக்காது என்று தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது எந்த நேரமும் வீட்டில்தான் இருப்பார்.